பொருட்பற்றும் அறமும்: வன்னியின் பழைய கார்களை முன்வைத்து ஒரு நோக்கு

மனிதன் மனிதனுக்குக் கடமைப்பட்டவன் என்பது அறநூல்கள் யாவற்றுக்கும் பொதுவான கருத்தாகும். ஆனால், ஒரு பொருளை ஆக்கியோன் அதனை நம்பி வாங்கியோனுக்கு எவ்வளவு காலம் கடமைப்பட்டவன் என்னும் வினா கைத்தொழில் யுகத்துக்கே சிறப்பாக உரியது. கொல்லனும் தச்சனும் உழவனும் ஒரே ஊரில் வாழ்ந்த காலத்தில் இவ்வினா எழவேண்டிய தேவை இருக்கவில்லை. கலப்பையின் கொழு தேய்ந்தால் அதனைச் செய்த கொல்லனிடமே உழவன் சென்றான். கொல்லன் இறந்துபோனால் அவனுடைய மகன் பட்டறையில் இருந்தான். இயந்திரத் தொழில் வளர்ந்தபின் ஆக்கியோன் கடலுக்கு அப்பால் ஒரு கம்பனியாக மாறினான். கம்பனிக்குப் பிறப்பு உண்டு, இறப்பும் உண்டு. ஆனால், அது இறந்தபின் பட்டறையில் வந்து அமர்வதற்கு அதற்கு மகன் இல்லை.

மோட்டார் வண்டிக் கம்பனி ஒன்று நட்டமடைந்து மூடப்படும்போது தொழிலாளர் இழக்கும் வேலை கணக்கிடப்படுகிறது. வங்கிகள் இழக்கும் கடன் கணக்கிடப்படுகிறது. அரசு இழக்கும் வரி கணக்கிடப்படுகிறது. அக்கம்பனியின் வண்டியை வாங்கி, அதனையே தன் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் ஆதாரமாகக் கொண்டவனின் நிலை எவருடைய கணக்கிலும் வருவதில்லை. சட்டத்தின் பார்வையில் அவன் விலை கொடுத்தான், பொருளைப் பெற்றான். கொடுக்கல் வாங்கல் அன்றே முடிந்துவிட்டது. அறத்தின் பார்வையிலும் அது முடிந்துவிட்டதா என்பது ஒரு வினா. ஆக்கியோன் மறைந்த பின்னும் அவ்வண்டியை விடாது பேணுபவனின் பற்றை எவ்வாறு மதிப்பிடுவது, அது பண்பா, பழக்கமா, வேறு வழியின்மையா என்பது மற்றொரு வினா.

இவ்விரு வினாக்களையும் வெறும் கருத்துநிலையில் ஆராய்வதிலும் ஓர் உண்மை வரலாற்றை முன்வைத்து ஆராய்தல் பயன் தரும். ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய பிரித்தானிய வணிகப் பெயர்கள் மறைந்த பின்னரும் அவற்றின் வண்டிகள் வன்னிப் பெருநிலப்பரப்பில் பல்லாண்டுகள் ஓடின. அங்கு ஆக்கியோன் மறைந்தது மட்டுமன்றி, உதிரிப்பாகமும் எரிபொருளும் வரவேண்டிய பாதையும் அடைபட்டது. பற்று என்பது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை அளந்தறிய இதனினும் கடுமையான உரைகல் கிடைப்பது அரிது.

பெயர்கள் மறைந்த வரலாறு

ஹேர்பேட் ஒஸ்ரின் 1905இல் பேர்மிங்காம் நகரை அடுத்த லோங்பிரிட்ஜில் தமது தொழிற்சாலையைத் தொடங்கினார். பின்னாளில் நஃபீல்ட் பிரபு எனப்பட்ட வில்லியம் மொறிஸ் 1913இல் ஒக்ஸ்போட் நகரை அடுத்த கவுலியில் தமது முதலாவது காரை வெளியிட்டார். நெடுங்காலம் ஒருவரோடொருவர் போட்டியிட்ட இவ்விரு நிறுவனங்களும் 1952இல் ஒன்றிணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனமாயின. 1968இல் அது பிரித்தானிய லேலண்ட் என்னும் பெருங் கம்பனிக்குள் அடங்கியது. நட்டம் மிகுந்தமையால் 1975இல் அக்கம்பனியை அரசு பொறுப்பேற்க நேர்ந்தது. மொறிஸ் என்னும் பெயருடைய கார் 1984இல் நின்றுபோயிற்று. ஒஸ்ரின் என்னும் பெயரும் அப்பத்தாண்டு முடியுமுன் கைவிடப்பட்டது. எஞ்சியிருந்த ரோவர் நிறுவனம் 2005 ஏப்பிரலில் முறிந்தபோது லோங்பிரிட்ஜில் ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர்.

இவ்வரலாற்றில் மனங்கொள்ளத்தக்க இரு செய்திகள் உள. ஒன்று, மொறிஸ் மைனர் பற்றியது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அச்சிறு கார் 1948இல் வெளிவந்தபோது கம்பனியின் தலைவரான நஃபீல்ட் பிரபுவுக்கே அது பிடிக்கவில்லை. ஆயினும் பிரித்தானியாவில் 10 இலட்சத்தைத் தாண்டி விற்பனையான முதலாவது கார் அதுவே ஆயிற்று. 1971இல் உற்பத்தி நிறுத்தப்படும்போது 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. ஒரு பொருளின் தகுதியை அதனை விற்பவன் முதலில் அறிவான் என்பதற்கில்லை. அதனோடு வாழ்பவனே அறிகிறான்.

மற்றையது, 1959ஆம் ஆண்டின் பின் வெளிவந்த கார்கள் பற்றியது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் என்று வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்டவை அடிப்படையில் ஒரே வண்டியே. உடலும் ஒன்று, எஞ்சினும் ஒன்று. முன்பக்கக் கிராதி, இலச்சினை போன்ற சில வெளித்தோற்றக் கூறுகளே வேறு. ஒஸ்ரினே சிறந்ததென்று ஒருவனும் மொறிசே சிறந்ததென்று வேறொருவனும் வாதிட்டிருப்பின், அவ்விருவரும் வாதிட்டது ஒரு கிராதியைப் பற்றியே எனலாம். வணிகப் பெயர் மீது கொள்ளும் பற்று எத்தகைய வெறுமையின் மீது நிற்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

வன்னியில் நிலைத்த வண்டிகள்

ஆங்கிலேயர் ஆட்சியிலும் அதனை அடுத்துவந்த ஆண்டுகளிலும் இலங்கைக்கு வந்த கார்களுள் பெரும்பாலானவை பிரித்தானியாவிலிருந்தே வந்தன. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகவும், 1970 முதல் 1977 வரை அரசின் இறக்குமதிக் கொள்கை காரணமாகவும் புதிய கார்கள் அருகின. ஏற்கெனவே வந்தவற்றைப் பேணுவதே வழியாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானியக் கார்கள் தெருக்களை நிரப்பத் தொடங்கின. வழமையான நிலை நீடித்திருந்தால், பிற இடங்களிற் போலவே வடக்கிலும் பழைய ஆங்கிலக் கார்கள் மெல்ல மெல்ல ஒதுங்கியிருக்கும். போர் அதனைத் தடுத்தது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதை அடுத்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் ஆகியன தடைப்பட்ட பொருள்களுள் அடங்கின. மண்ணெண்ணெய் மட்டுப்பட்ட அளவில் கிடைத்தது. பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடவேண்டிய காலம் இவ்வாறு பிறந்தது.

இதன் பொறிமுறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி ஆவியாகாது. எனவே, சில கரண்டி அளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும், தீப்பொறிச் செருகிகளிற் கரி படியும், வலு குறையும், புகை மிகும். அழுத்த விகிதம் உயர்ந்த புதிய எஞ்சின்கள் இதனைத் தாங்கமாட்டா. அவை தட்டத் தொடங்கிப் பின் பழுதடைந்துவிடும். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே தாங்கின. பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடும் முறை 1940களின் பேர்குசன் உழவு இயந்திரங்களில் முன்னரே கையாளப்பட்டதுதான். நாகரிகம் கைவிட்ட ஒரு வழியை வன்னியின் கராஜ்கள் தேவையின் பொருட்டு மீளக் கண்டடைந்தன.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பெருந்தொகையானோர் தொடர்ந்து வன்னிக்கு வந்தனர். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகர் படையினர் வசமானபோது மக்கள் மேலும் உட்புறமாக நகர்ந்தனர். மல்லாவி, புதுக்குடியிருப்பு முதலிய சிற்றூர்கள் நகரங்களின் சுமையை ஏற்கலாயின. பிரசவ வேதனைப்பட்ட பெண்ணும் பாம்பு கடித்த உழவனும் வைத்தியசாலையை அடைவதற்கு இருந்த வழிகள் சிலவே. மாட்டுவண்டி, உழவு இயந்திரம், துவிச்சக்கர வண்டி ஆகியவற்றோடு மண்ணெண்ணெய்ப் புகை கக்கியவாறு சென்ற வாடகைக் காரும் அவற்றுள் ஒன்றாகும். 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டுத் தடை நீங்கி, ஏ9 வீதி திறக்கும் வரை இந்நிலை நீடித்தது. லோங்பிரிட்ஜிலும் கவுலியிலும் இக்கார்களை மறந்து நெடுங்காலம் சென்றிருந்தது.

பொருள் மீது பற்றுக் கொள்ளல் தகுமா?

பொருளுக்கு ஒருவன் விசுவாசமாயிருத்தல் என்பது கருத்துடைய கூற்றுத்தானா என்பதே இனி எழும் வினா. அரிஸ்டோட்டில் தமது நிகோமாக்கிய ஒழுக்கவியலின் எட்டாம் நூலில் நட்பைப் பற்றிக் கூறுமிடத்து, உயிரற்ற பொருளோடு நட்பு இல்லை என்கிறார். பொருள் நம்மைத் திரும்ப நேசிப்பதில்லை; அதற்கு நன்மை விரும்புவதும் இயலாது. திராட்சை மதுவின் நலம் விரும்புதல் நகைப்புக்குரியது. அது கெடாதிருக்கவேண்டுமென்று விரும்பினால், அதுவும் நாம் அருந்துவதற்காகவே என்பது அவரது விளக்கம். இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிலும் இவ்வேறுபாடு வற்புறுத்தப்படுகிறது: விலையுடைய பொருளுக்கு ஈடு வைக்கலாம், மனிதனுக்கு ஈடில்லை.

இவர்களது கருத்துப்படி நோக்கின், பழைய மொறிஸ் மைனரை விடாது பேணுபவன் தன்னலத்தையே பேணுகின்றான். அதில் அறம் இல்லை. ஆனால், நடைமுறை வாழ்வு இவ்வளவு எளிதில் வகுபடுவதில்லை. வாணி விழாவின் இறுதியில் உழவு இயந்திரத்துக்கும் காருக்கும் தச்சனின் உளிக்கும் சந்தனம் பூசி, பூச்சாத்திக் கும்பிடுபவர், இரும்புக்கு உயிர் உண்டென்று நம்புவதில்லை. தம்மை வாழவைத்த ஒன்றைப் பயன்பாடு என்ற ஒரு சொல்லால் மட்டும் கணக்குத் தீர்த்துவிட அவர் மனம் ஒப்புவதில்லை என்பதே அச்செயலின் பொருளாகும். திருக்குறளில் செய்ந்நன்றியறிதலுக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. அங்குப் பேசப்படுவது மனிதர் செய்த நன்றியே. எனினும், நன்றியறியும் மனம் ஒரு பழக்கம். அது மனிதரிடம் மட்டும் விழித்திருந்து ஏனையவற்றிடம் உறங்கிவிடுவதில்லை.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோசையா றோய்ஸ் 1908இல் வெளியிட்ட பற்றுறுதி பற்றிய நூலில் இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு வழி உண்டு. அவரது நோக்கில், பற்றுறுதி என்பது ஒருவன் தன்னிலும் பெரிய ஓர் இலட்சியத்துக்குத் தன்னை விரும்பிக் கொடுத்து, அதனை இடைவிடாது செயலிற் காட்டுவது. அவ்விலட்சியம் மனிதரை ஒருவரோடொருவர் பிணைப்பதாயிருத்தல் வேண்டும். இவ்வளவுகோலால் நோக்கும்போது வன்னியின் பழைய கார் தனிப்பொருளாக நிற்கவில்லை என்பது தெளிவாகும். அதனைச் சுற்றி உரிமையாளன், சாரதி, கராஜில் நிற்கும் திருத்துநன், பித்தளையை உருக்கி வார்ப்பவன், கடைசல் பொறியில் உறுப்புக் கடைபவன், நள்ளிரவில் நோயாளியோடு வந்து கதவைத் தட்டுபவன் என ஒரு வலை பின்னப்பட்டிருந்தது. கார் நின்றுபோனால் அறுவது அவ்வலையே. ஆகவே, பற்றுக்குரியது இரும்பா மனிதரா என்று கேட்டால், இரும்பின் வழியாக மனிதர் என்பதே பொருத்தமான விடையாகும்.

எது அந்தக் கார்?

இதனோடு தொடர்புடைய பழைய மெய்யியற் புதிர் ஒன்றுண்டு. தீசியசின் கப்பலை அதென்ஸ் மக்கள் பேணிவந்தனர் என்றும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றியபின் அது அதே கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதியுள்ளார். தோமஸ் ஹொப்ஸ் இதனை மேலும் சிக்கலாக்கினார்: கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து வைத்த ஒருவன் அவற்றைக் கொண்டு வேறொரு கப்பலைக் கட்டினால், இரண்டினுள் எது தீசியசின் கப்பல்?

வன்னியின் கார்களுக்கு இப்புதிர் ஏட்டுச் சுரைக்காயன்று. ஒரு காரின் கதவு வேறொரு காரிலிருந்து வந்தது. விளக்கு மூன்றாவதிலிருந்து வந்தது. எஞ்சினுள் இருந்த உறுப்பு ஊர்ப் பட்டறையிற் கடைந்தெடுக்கப்பட்டது. ஓடாது நின்ற கார் ஓடும் காருக்கு உறுப்புக் கொடுத்தது. மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் அடிச்சட்ட இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தையும் காட்டி இப்புதிரை ஒரு நொடியில் தீர்த்துவிடும். மெய்யியல் அவ்வாறு தீர்க்க இயலாது. பெயர் போனது, கம்பனி போனது, தொழிற்சாலையிலிருந்து வந்த உறுப்புகளுட் பாதியும் போயின. ஆயினும் அது அதே கார் என்று உரிமையாளன் சொல்வது பொய்யன்று. ஒரு பொருளின் தொடர்ச்சி அதன் உறுப்புகளில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அதனை இடைவிடாது கவனித்துவந்த கைகளின் தொடர்ச்சியிலும் தங்கியிருக்கின்றது. கவனிப்பு அறுந்தால், எல்லா உறுப்பும் அசலாக இருந்தாலும் அது நினைவுப் பொருளே.

இல்லாமையைப் பண்பாக்கலாமா?

இதுவரை கூறியவற்றுக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. வன்னியில் எவரும் பழைய காரைத் தெரிந்தெடுக்கவில்லை. புதியது வர வழியில்லை, பெற்றோல் இல்லை, பாதை இல்லை. வேறு வழியற்றவனின் செயலைப் பற்றுறுதி என்று போற்றுவது, பசித்தவனின் உண்ணாமையை விரதம் என்று போற்றுவதை ஒக்கும். அவ்வாறு போற்றுவோர் பெரும்பாலும் பெற்றோலும் மின்சாரமும் குறைவின்றிக் கிடைக்கும் இடத்தில் வாழ்வோரே என்பதையும் மறத்தலாகாது. அன்றியும், மண்ணெண்ணெய்ப் புகையைச் சுவாசித்தவர் சாரதியும் பயணியுமே. தேய்ந்த ரயரும் ஒட்டுப்போட்ட பிரேக்கும் உயிருக்கு ஆபத்தானவை. இடர்ப்பாட்டின் நடுவே வெளிப்பட்ட திறமையை வியப்பது, அவ்விடர்ப்பாட்டை விளைவித்தவரின் பொறுப்பை மறைப்பதற்கு உதவுமாயின், அவ்வியப்பு அறத்துக்கு மாறானதாகும்.

இம்மறுப்பின் பெரும்பகுதி ஏற்கத்தக்கது. 2002இல் பாதை திறந்ததும் புதிய வண்டிகள் வந்தன. பலர் பழைய காரை விற்றுப் புதியதை வாங்கினர். அதனை நன்றிமறத்தல் என்று எவரும் கூறியதில்லை; கூறவும் கூடாது. வேறு வழியின்மையால் வைத்திருந்ததை, வழி பிறந்தபின் கைவிடுவதில் குற்றமில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கு வகுத்துக்கொள்ளல் வேண்டும். வைத்திருத்தல் தேவையால் நேர்ந்தது. எவ்வாறு வைத்திருந்தனர் என்பது தேவையால் மட்டும் நேர்ந்ததன்று. ஒரே தடையின் கீழ் ஒருவன் தன் காரைத் துருப்பிடிக்க விடுகிறான். ஒருவன் உறுப்புகளைப் பதுக்கி விலையேற்றுகிறான். ஒருவன் தன்னிடம் மிகுந்த உறுப்பை அயலவனுக்குக் கொடுக்கிறான். ஒருவன் தான் கற்ற வித்தையை இளைஞனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். சூழ்நிலை எல்லோருக்கும் பொது, செயல் பொதுவன்று. அறம் பற்றிய பேச்சுக்கு இடமிருப்பது இந்த இடைவெளியிலேதான். இல்லாமை பண்பாகாது. இல்லாமையின்போது பிறரை நினைத்துச் செய்தது பண்பாகும்.

விரும்பிக் கொள்ளும் பற்று

தேவையின்றி, விருப்பத்தினால் மட்டும் கொள்ளும் பற்றுக்குப் பிறநாடுகளில் எடுத்துக்காட்டுகள் பல. சுவீடனின் சாப் நிறுவனத்தை மூடிவிட ஜெனரல் மோட்டேர்ஸ் எண்ணியபோது, 2010 சனவரியில் பல நாடுகளில் சாப் உரிமையாளர்கள் தம் கார்களோடு அணிவகுத்து அதனைக் காக்கும்படி வேண்டினர். ஆயினும் 2011 டிசெம்பரில் அந்நிறுவனம் முறிந்தது. மேற்கு வங்கத்தின் உத்தரபாடாவில் மொறிஸ் ஒக்ஸ்போட் காரை அடியொற்றி ஆக்கப்பட்ட அம்பாசிடர், அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியத் தெருக்களை ஆண்டபின் 2014 மே மாதத்தில் நின்றுபோயிற்று. மூன்றாண்டுகள் கழித்து, 2017இல் அம்பாசிடர் என்னும் பெயரை மட்டும் பிரெஞ்சு நிறுவனமான பேஜோ 80 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது. தொழிற்சாலையையோ தொழிலாளரையோ ஓடிக்கொண்டிருந்த கார்களைப் பேணும் பொறுப்பையோ அது வாங்கவில்லை.

இச்செய்தி சிந்திக்கத்தக்கது. மக்களின் நினைவும் நம்பிக்கையும் பலகாலம் திரண்டு ஒரு பெயராகின்றன. அப்பெயர் பின்னர் விலைபொருளாகிறது. நம்பியவர் அவ்விற்பனையில் ஒரு தரப்பினரல்லர். மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றமளிப்பதைக் கார்ல் மார்க்ஸ் பண்டங்களின் மாயை என விளக்கினார். வணிகப் பெயர் அம்மாயையின் உச்சநிலை எனலாம். அங்குப் பொருளும் மறைந்துவிடுகிறது, பெயரே விற்கப்படுகிறது.

வன்னியில் இதற்கு நேர்மாறானதொன்று நிகழ்ந்திருப்பதைக் காணலாம். லான்ட்மாஸ்டர் என்பது பிரித்தானியாவில் ஆக்கப்பட்ட ஒரு குறிப்பிட்ட இருசில்லு உழவு இயந்திரத்தின் வணிகப் பெயர். இலங்கையரான றே விஜேவர்த்தன அதன் வடிவமைப்போடு தொடர்புடையவர். இன்று வன்னி வயல்களில் எந்த நாட்டில் ஆக்கப்பட்ட இருசில்லு இயந்திரமும் லான்ட்மாஸ்டரே. அப்பெயர் எவருக்கும் விலைப்பட்டதன்று. வழக்கினால் மக்களுடைய சொல்லாகிவிட்டது. கம்பனியின் உடைமையாகிய பெயர் கைமாறும். ஊரின் சொல்லாகிய பெயருக்கு உரிமையாளன் இல்லை.

ஆக்கியோனின் கடமை

ஆக்கியோன் என்றும் வாழவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. நட்டத்தில் ஓடும் தொழிற்சாலையை, அதன் பொருளை நேசிப்பவர் உளர் என்பதற்காக மட்டும் எக்காலமும் நடத்த இயலாது. எனவே, ஆக்கியோனின் கடமை தான் அழியாதிருத்தல் அன்று. தான் அழிந்தபின்னும் தன் பொருளைப் பிறர் காக்கும் வகையில் அதனை ஆக்கிவிட்டுச் செல்லுதலே அவனது கடமை.

இக்கடமையை ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் அறிந்து செய்தன என்று கூறுவதற்கில்லை. எனினும் அவற்றின் வண்டிகளில் அது நிறைவேறியிருந்தது. மொறிஸ் மைனரில் 1952 முதல் பொருத்தப்பட்ட ஏ வரிசை எஞ்சின் வார்ப்பிரும்பாலான எளிய நாலு சிலிண்டர் எஞ்சின். 1951இல் தோன்றி 2000ஆம் ஆண்டு வரை உற்பத்தியிலிருந்த அது, தன்னைப் பெற்ற ஒஸ்ரின் என்னும் பெயரினும் நீண்டகாலம் வாழ்ந்தது. கேம்பிரிட்ஜ் காரின் எஞ்சினும் அம்பாசிடரின் பழைய எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். திருகாணி திருப்பி ஒன்றும் சாவி ஒன்றும் கொண்டு பெரும்பாலானவற்றைக் கழற்றலாம். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்துவந்த சாள்ஸ் வெயர், நீடித்துழைக்கும் காரை வைத்திருத்தல் என்னும் கருத்தை முன்வைத்து 1982இல் ஒரு நூல் எழுதினார். 1990களில் மைனரின் உறுப்புகளை ஆக்கும் முயற்சியொன்று இலங்கையின் தெற்கிலேயே அவரது ஒத்துழைப்புடன் நடைபெற்றது. அதே பத்தாண்டில் இத்தீவின் வடபாலில் அதே காரின் உறுப்புகள் தடைப்பட்ட பொருளாயிருந்தன.

அண்மைக்காலத்து நிகழ்வொன்று இதன் மறுபக்கத்தைக் காட்டும். மின்சாரக் கார்களை ஆக்கிய அமெரிக்காவின் பிஸ்கர் நிறுவனம் 2024 யூனில் முறிவு நீதிமன்றத்தை நாடியது. அதன் கார்கள் புதியவை, உடல் பழுதற்றது. ஆயின் அவற்றின் இயக்கம் கணினி மென்பொருளிலும் நிறுவனத்தின் தொலைத்தொடர்பிலும் தங்கியிருந்தது. உரிமையாளர்கள் சங்கம் அமைத்து, தம் கார்களின் மென்பொருளைத் தாமே காக்க முயலவேண்டிய நிலை ஏற்பட்டது. ஆக்கியோன் மறைந்து பல ஆண்டுகளின் பின்னும் தடைகளின் நடுவே ஓடிய காரையும், ஆக்கியோன் மறைந்த மறுநாளே எதிர்காலம் ஐயத்துக்கிடமான காரையும் ஒப்புநோக்கினால், முன்னேற்றம் என்பது எந்தத் திசையில் எவ்வளவு என்ற வினா எழாமற் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமை பற்றிய சட்டக்கட்டளையொன்றை ஏற்றுக்கொண்டமை இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை என்பதற்குச் சான்று. இலங்கையிலும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டி வந்தபோது, திருத்தி வைத்திருக்கும் வித்தையின் பெறுமதியை வன்னி முன்னரே அறிந்ததை நாடு முழுவதும் அறிந்தது.

பற்றின் எல்லை

இறுதியாக நோக்கவேண்டியது பற்றின் எல்லையாகும். 2008இன் பிற்பகுதியிலிருந்து கிளிநொச்சி மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என ஒவ்வொரு பெயர்வின்போதும் சுமை குறைந்தது. முதலில் கூரைத்தகடும் நெல்மூடையும் வாகனங்களில் ஏறின. பின்னர் மனிதர் மட்டும் ஏறினர். அதன்பின் வாகனங்களே கைவிடப்பட்டன. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது முல்லைத்தீவுக் கரையோரத்தில் எரிந்தும் சிதைந்தும் கிடந்த வாகனங்களுக்குக் கணக்கில்லை. பழையன, புதியன, ஆங்கிலேயன, யப்பானியன என்ற வேறுபாடு அங்கு இருக்கவில்லை.

அவற்றை விட்டுச் சென்றவர் தம் பிள்ளையைத் தூக்கிச் சென்றனர். அதுவும் வாய்க்காதவர் பலர். பல்லாண்டு பேணிய பொருளை ஒரு கணத்தில் விட்டமை பற்றுறுதியின் தோல்வியா என்று கேட்டால், அல்ல என்பதே விடையாகும். பொருட்பற்று மனிதரை நோக்கியதாக இருந்தமையாலேயே மனிதருக்காக அது கைவிடப்பட்டது. விலையுடையதையும் ஈடற்றதையும் கான்ற் பிரித்துக் காட்டியது இவ்விடத்திலேயே தன் முழுவலுவுடன் நிற்கிறது. பொருளை விடமுடியாதவன் பொருளுக்கு அடிமை. தொடக்கமுதலே பொருளைப் பொருட்படுத்தாதவன் பிறருடைய உழைப்பை மதியாதவன். பேணவேண்டிய காலத்தில் பேணுதலும் விடவேண்டிய நேரத்தில் விடுதலும் அறிந்தவனின் பற்றே அறத்தோடு கூடியது.

மேலே எழுப்பிய இரு வினாக்களுக்கும் விடையை இவ்வாறு தொகுத்துக் கூறலாம். பொருளை நம்பியவனுக்கு ஆக்கியோன் கடமைப்பட்டவனே. அக்கடமை தன் ஆயுளை நீட்டுவதில் இல்லை, பிறர் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடியதாகத் தன் பொருளை ஆக்குவதில் உள்ளது. பொருளைப் பேணுபவனின் பற்று வணிகப் பெயரை நோக்கியதாயின் அது வெறுமையானது. தேவையை மட்டும் நோக்கியதாயின் அது இயல்பானது. பொருளின் வழியே தன்னோடு வாழும் மனிதரை நோக்கியதாயின் அது பண்பாகும். போருக்குப் பிந்திய வன்னி வீதிகளில் புதிய வண்டிகளே நிறைந்துவிட்டன. அவை பழுதடையும்போது அவற்றைத் திறந்து திருத்தும் கைகள் அவ்வூரிலேயே இருக்குமா, அல்லது தொலைதூரக் கம்பனி ஒன்றின் அனுமதிக்காக அவை தெருவோரத்திற் காத்து நிற்குமா என்பது இன்றைய பொறியியல் மாணவரும் சட்ட மாணவரும் மெய்யியல் மாணவரும் ஒருங்கிருந்து சிந்திக்கவேண்டிய வினாவாகும்.